அக்கா இருந்த வார்டு

பொது நர்ஸிங்கில் தேறிய கையோடு மனநோய் நர்ஸிங்கில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதை வீட்டில் சொன்னபோது, அம்மா அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

“பிரசவ ஆஸ்பத்திரின்னா போ. கண்ணாஸ்பத்திரின்னா போ. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தா உன்னை எவன் வந்து கட்டுவான்?”

அக்கா அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். வயிற்றில் இரண்டாவது பிள்ளை. “அவ இஷ்டத்துக்குப் படிக்கட்டும்மா” என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டாள். அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், மவுண்ட் ரோட்டில் ஒரு தையற்கடையில் துணி வெட்டுகிற வேலையில் இருந்தார். ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிய பிறகு அந்தக் கடையில் காக்கி தவிர வேறெதுவும் தைப்பதில்லை. எங்கிருந்தோ அவர் தேடிக் கொண்டுவந்த வெள்ளைத் துணியில் எனக்குச் சீருடை தைத்துக் கொடுத்தது அக்காதான். நானும் அம்மாவும் சாந்தோமில் மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா காலமாகி வெகு நாளாகியிருந்தது.

ஏன் இந்தப் படிப்பு என்று எல்லாரும் கேட்டார்கள். பொது ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தபோது, ஜுரம் விட்ட பிறகும் பிதற்றிக்கொண்டிருந்த ஒருத்தியைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் போட்டார்கள். அவளிடம் எப்படிப் போவது, என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியாமல் நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

அடையாறு ஆற்றைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. பாலத்தைக் கடந்ததும் பஸ் நம்மை இறக்கிவிட்டுப் போய்விடும். மீதியைச் செம்மண் பாதையில் நடந்து தீர்க்க வேண்டும். நாங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவிகள், ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கினோம். காலையில் டாக்டர் இங்கிலீஷில் பாடம் சொல்வார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே புத்தகம். மற்ற நேரமெல்லாம் வார்டு. வார்டில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்டது பேச அல்ல, பிடிக்க.

அப்போதெல்லாம் வலிப்பு ஊசி என்று ஒன்று போடுவார்கள். கப்பலில் வெளிநாட்டிலிருந்து வரும் மருந்து. அதை நரம்பில் ஏற்றினால் நோயாளிக்கு வலிப்பு வரும். வலிப்பு வந்து போனால் சிலருக்குப் புத்தி தெளியும். ஏன் தெளிகிறது என்று டாக்டருக்கும் தெரியாது, புத்தகத்திலும் இல்லை. மருந்து உள்ளே போவதற்கும் வலிப்பு வருவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் அவர்கள் முகத்தில் வரும் பயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாவு நேரில் வந்து நின்றது மாதிரி கண் விரியும். எலும்பு முறியாமல் இருக்க ஒருத்தி தோளையும் ஒருத்தி இடுப்பையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். தோளைப் பிடிக்கிறவளுக்குத்தான் அந்த முகம் நேருக்கு நேர் தெரியும். மாணவிகளைத்தான் தோளுக்கு விடுவார்கள்.

“வேணாம் தாயீ, வேணாம் தாயீ” என்று ஒரு பெண் என் கையை நக்கினாள். ஆமாம், நக்கினாள். அன்றைக்கு நான் விடுதிக்குப் போய்ச் சோற்றைத் தொடவில்லை. அடுத்த முறையும் அவள் தோளை நான்தான் பிடித்தேன்.

நான் அங்கே சேர்ந்த சில மாதங்களில் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. தியாகராய நகரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். மூத்தவள், மழலை மாறாத பெண், வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா தூங்கவே மாட்டேங்கறா சித்தி” என்றாள். அக்கா குழந்தையின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். கொடியில் காய்ந்து கிடந்த சுத்தமான துணிகளையும் எடுத்துவந்து மறுபடி நனைத்தாள்.

“என்னக்கா, காஞ்சதையே துவைக்கிற?”

அவள் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்: “இது எங்க துணி இல்லடீ. பிள்ளையும் எங்க பிள்ளை இல்ல. மாத்திட்டாங்க. அவர்கிட்ட சொல்லாதே.”

அந்த வாரம்தான் டாக்டர் பிரசவத்துக்குப் பிறகு வரும் சித்தபிரமையைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தார். தூக்கம் போகும், குழந்தையைத் தனதில்லை என்பாள், குழந்தைக்கும் அவளுக்கும் ஆபத்து, தனியே விடக்கூடாது. புத்தகத்தில் படித்த வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து அக்கா வீட்டு முற்றத்தில் நின்றன.

அத்தானிடம் சொன்னேன். நல்ல மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பிள்ளை பெத்த உடம்பு, அசதி. நீ படிக்கிறதையெல்லாம் என் வீட்டுல கொண்டாந்து போடாதம்மா.”

“அத்தான், தனியா மட்டும் விடாதீங்க. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம்.”

“அந்த ஆஸ்பத்திரிக்கா? கடையில, தெருவுல என்னான்னு சொல்லிக்குவேன்? நாளைக்கு என் பொண்ணுக்கு ஒரு இடம் பாக்க வேணாமா?”

அம்மாவும் அவர் பக்கம்தான். பரங்கிமலைக் கோவிலுக்குப் போய் எண்ணெய் வாங்கி வந்து அக்காவின் நெற்றியில் தடவினாள். பக்கத்து வீட்டு அம்மா தர்காவில் மந்திரித்த கயிறு கொண்டுவந்து கட்டினாள். அக்கா எல்லாவற்றுக்கும் பேசாமல் தலையைக் காட்டினாள். அடுத்த ஞாயிறு வரை நான் எப்படி வேலை செய்தேன் என்பது எனக்கே தெரியாது. யாரைப் பார்த்தாலும் அக்கா மாதிரி இருந்தது.

அந்த ஞாயிறு நான் போனபோது வீட்டில் அரவமில்லை. அம்மா உள்ளே மூத்தவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கொல்லைப் பக்கம் போனேன். அக்கா கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் உள்பக்கம் தொங்கின. மடியில் குழந்தை. அவள் குனிந்து தண்ணீரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கத்தினால் தீர்ந்தது. என்ன செய்வதென்று எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை. நான் மெல்ல நடந்துபோய் அவள் பக்கத்தில் கட்டையில் கை வைத்து நின்று, “பிள்ளைக்குப் பசிக்குமேக்கா, என்கிட்ட குடு” என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “உன் பிள்ளையாடீ இது?” என்றாள். “ஆமாக்கா, என்னோடதுதான்” என்றேன். கொடுத்துவிட்டாள். குழந்தையை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறு கையால் அவள் இடுப்பை வளைத்துப் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

அன்று சாயங்காலமே ஒரு குதிரை வண்டியில் அவளை அடையாற்றுக்குக் கொண்டுபோனோம். அத்தான் வழி முழுக்க முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி மேட்ரன் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. தமிழில் பெரியவர் சிறியவர் என்றில்லாமல் எல்லாரையும் ‘நீ’ என்றுதான் பேசுவார். “உன் சொந்தம் இருக்கிற வார்டில் நீ வேலை செய்யக் கூடாது. அது ரூல்” என்று சொல்லி என்னை அடுத்த வார்டுக்கு மாற்றினார். இரண்டு வார்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். டாக்டர் அத்தானிடம் வலிப்பு ஊசி போடலாமா என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லும்மா. நீதானே படிச்சவ.”

ஊசி போடாமல் விட்டவர்கள் வருஷக்கணக்காகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருந்தேன். போட்டவர்களின் முகத்தையும் பார்த்திருந்தேன். “போடட்டும் அத்தான்” என்றேன்.

ஊசி போடும் காலைகளில் சுவருக்கு அப்பால் அக்காவின் குரல் கேட்கும். முதலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். பிறகு அம்மாவை. பிறகு வார்த்தை இருக்காது. நான் இந்தப் பக்கம் யாருக்காவது தலை வாரிக்கொண்டோ பாய் உதறிக்கொண்டோ இருப்பேன். வார்டில் ஓர் ஆயா உண்டு. வெற்றிலை மணக்கும் வாய், கறாரான பேச்சு. அவள் ஒரு முறை என் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். “இன்னா சிஸ்டரம்மா, அந்தப் பொண்ணு தலையில ரத்தம் வருது பாரு. வெளிய போய் நில்லு, நான் பாத்துக்கறேன்” என்றாள். நான் வெளியே போகவில்லை. வெளியே போனால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

சில ஊசிகளுக்குப் பிறகு அக்கா கொஞ்சம் தூங்க ஆரம்பித்தாள். தன் கையாலேயே சாப்பிட்டாள். டாக்டருக்கு நம்பிக்கை வந்தது. எனக்கும் வரத் தொடங்கிய நேரத்தில்தான் ஊர் காலியாகத் தொடங்கியது.

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்ற பேச்சு வெகு நாளாகவே இருந்தது. பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டினார்கள், விளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றினார்கள். அந்தச் சித்திரையில் பேச்சு போய்ப் பீதி வந்தது. மயிலாப்பூர் மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. பெட்டி படுக்கையோடு ஜனங்கள் ரயிலின் படியிலும் தொங்கிக்கொண்டு போனார்கள். மாட்டுவண்டிக்கு வந்த கிராக்கி சொல்லி முடியாது.

ஆஸ்பத்திரிக்கும் ஆட்கள் வந்தார்கள். சிலர் தங்கள் மனுஷர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வராதவர்கள்தான் அதிகம். கேட்டைப் பார்த்தபடி பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். யார் வந்து யாரை அழைத்துப் போனாலும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

அத்தான் வந்தார். உள்ளே வரவில்லை, மரத்தடியிலேயே நின்றார்.

“கடையை மூடிட்டாங்கம்மா. ராணிப்பேட்டையில பெரியம்மா வீடு கீது, அங்க போறோம். பிள்ளைங்களையும் உங்கம்மாவையும் கூட்டிக்கினு போறேன். இவளை...”

“இவளைக் கூட்டிட்டுப் போக முடியாது அத்தான். பாதி வைத்தியத்துல கீறா.” எனக்கும் அவர் பேச்சே வந்துவிட்டது.

“நீயாச்சும் வாயேன்.”

“நான் வந்தா இவளுக்கு யாரு?”

அவர் கைக்குழந்தையை என்னிடம் காட்டினார். அம்மா ஆட்டுப்பால் புகட்டி வளர்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை இளைத்திருந்தது, ஆனாலும் என் விரலை இறுக்கிப் பிடித்தது. அக்காவிடம் காட்டலாமா என்று கேட்டார். காட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்கள் போய்விட்டார்கள்.

மாணவிகளில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். டாக்டருக்கு ராணுவத்தில் வேலை வந்து அவரும் போனார், பாடம் நின்றது. வாரத்துக்கு ஒரு முறை வேறொரு டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். அதற்குள் மருந்தும் தீர்ந்தது. கப்பல் வராது என்றார்கள். மேட்ரன் காலி அலமாரியைத் திறந்து எனக்குக் காட்டி, “ரூல் போச்சு கேர்ள். ஆளும் இல்லை, மருந்தும் இல்லை. உன் அக்காவை நீயே பார்” என்றார்.

நான் பக்கத்து வார்டுக்குள் போனேன். அக்கா என்னைக் கண்டதும் சுவரோரம் ஒண்டிக்கொண்டு இரண்டு தோளையும் கைகளால் மூடிக்கொண்டாள். வெள்ளைச் சீருடையைப் பார்த்த பயம் அது. அவளே தைத்த சீருடை என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், வெளியே போய் வந்த ஆயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெற்றிலை போடாமல் இருந்தாள்.

“மிருகக்காட்சி சாலையில புலி, சிங்கம் எல்லாத்தையும் சுட்டுட்டாங்களாம் சிஸ்டரம்மா. குண்டு விழுந்து கூண்டு ஒடைஞ்சா வெளிய வந்துருமாம்.”

அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“நம்ப ஆளுங்கள இன்னா பண்ணுவாங்க?”

நான் அவளைச் சத்தம் போட்டேன். அப்படியெல்லாம் பேசாதே என்றேன். ஆனால் அன்று சாயங்காலம் கேட்டருகே ஒரு ராணுவ லாரி மெதுவாகப் போனபோது, நான் என்னை அறியாமல் வார்டுக் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் முதுகை வைத்து நின்றிருந்தேன். லாரி திருவான்மியூர்ப் பக்கம் போய்விட்டது. அப்புறம்தான் கதவைத் திறந்தேன்.

மருந்து இல்லை, டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவின் பக்கத்தில் உட்காருவதுதான். சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பழைய புடவையில் போனேன். கிணற்றடியில் குளிப்பாட்டினால் மிரள்வாள் என்று வாளியில் தண்ணீர் கொண்டுவந்து துடைத்துவிட்டேன். சோறு பிசைந்து வைத்துவிட்டு எதிரே நானும் சாப்பிட்டேன். பேச மாட்டாள். சில நாள் என் முகத்தில் துப்புவாள். நான் நம்பிக்கை வைத்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். வேறு வழியில்லாமல் செய்தேன். படித்த படிப்பு எல்லாம் வீண், இவள் இப்படியே இங்கேயே கிழவியாகிவிடுவாள் என்று எண்ணி எண்ணி, துணி அலசும் இடத்தில் யாரும் இல்லாதபோது அழுதேன்.

மழை வந்தபோது ஒரு காலை அவள் என்னைப் பார்த்து, “ஏன்டீ இவ்ளோ இளைச்சுட்ட?” என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தாள். ஊசி வேலை செய்ததா, காலம் வேலை செய்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆயா எனக்கு முன்னால் ஓடிப் போய் மேட்ரனிடம் சொன்னாள்.

நான் தரையில் கால் பாவாமல் திரிந்தது சில நாட்கள்தான். அத்தான் வந்தார். இந்த முறையும் மரத்தடியில் நின்றார். முகம் மழிக்காமல், சட்டைக் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார். யார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“காய்ச்சல். மூணாம் நாளே போய்ட்டான்.”

அக்காவிடம் சொல்லக்கூடாது என்று மேட்ரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போதுதான் தேறுகிறாள், சொன்னால் மறுபடி விழுந்துவிடுவாள் என்றார். புதிதாக வந்த டாக்டரும் அதையேதான் சொன்னார். நானும் அதையேதான் நினைத்தேன். அக்கா கேட்கத் தொடங்கினாள்.

“பிள்ளை எப்படி இருக்கான்?”

“ராணிப்பேட்டையில அம்மாகிட்ட இருக்கான்கா.”

“தவழறானா?”

“தவழற வயசுதானே.”

ஒவ்வொரு காலையும் இந்தக் கேள்வி. என் பதில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சின்னதாயிற்று. பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுவதையும் நிறுத்தினாள். விழுந்துவிட்டாள், மறுபடி விழுந்துவிட்டாள் என்று நான் பதறினேன். ஒரு நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, அவள் கையால் என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கண் தெளிவாக இருந்தது.

“நிஜத்தைச் சொல்லு. நான்தானே அவனைக் கிணத்துல போட்டேன்?”

முகவாயில் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கட்டையில உக்காந்தது ஞாபகம் இருக்கு. மடியில அவன் இருந்தான். அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல. அதனாலதான் யாரும் கொண்டாந்து காட்ட மாட்டேங்கறீங்க. நான்தானே போட்டேன்?”

“இல்லக்கா! போடல, நீ போடல. நான் வந்து வாங்கிக்கிட்டேன். நீயே என் கையில குடுத்தே.”

“அப்போ எங்கே?”

மேட்ரன் சொன்னது, டாக்டர் சொன்னது எல்லாம் என் தலையில் இருந்தன. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அவற்றில் எதையும் என்னால் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

“காய்ச்சல் வந்துச்சுக்கா. ராணிப்பேட்டையில. போய்ட்டான்.”

“காய்ச்சலா?”

“காய்ச்சல்தான்.”

“சத்தியமா?”

“மாதா சத்தியமா, அக்கா.”

அவள் “காய்ச்சல், காய்ச்சல்” என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு என் மடியில் விழுந்து அழுதாள். வராந்தாவில் இருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆயா ஓடிவந்தவள் தூரத்திலேயே நின்றுவிட்டாள். எத்தனையோ பேர் அழுவதை அந்த வார்டில் கேட்டிருக்கிறேன். இது வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த எந்த வீட்டிலும் கேட்கிற அழுகை. அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி ஒரு நிம்மதி வந்ததற்காக என்னை நானே வெறுத்தேன்.

மேட்ரன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் திட்டினார். படிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று புது டாக்டர் சொன்னாராம். ஆள் பற்றாக்குறையில் அந்தப் பேச்சு அப்படியே போயிற்று. அக்கா மறுபடி விழவில்லை. ஊர் மெல்ல மெல்லத் திரும்பி வந்து கடைகள் திறந்த சமயத்தில், அத்தான் வந்து அவளை அழைத்துப் போனார். அந்த முறை முகத்தை மூடிக்கொள்ளவில்லை. நான் பரீட்சை எழுதித் தேறி, பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை மனநோய் வார்டுகளிலேயே இருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில நாளில் அக்கா ராணிப்பேட்டைக்குப் போக வேண்டும் என்றாள். அம்மாவும் அத்தானும் கிளம்பினார்கள், நானும் லீவு கேட்டுக்கொண்டு கூடப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் அம்மா அந்த இடத்தைக் காட்டினாள். சின்ன மண்மேடு, மரச் சிலுவை. அக்கா அழவில்லை. மேட்டைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டாள்.

“யாரும்மா வச்சிருந்தா அப்போ?”

“நான்தான். என் மடியிலதான்.”

“பால் கேட்டானா?”

அம்மா வாயைத் திறந்தாள், பிறகு புடவைத் தலைப்பை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். அக்கா அவளைப் பார்த்துவிட்டு, மீதிப் புல்லையும் பிடுங்கி முடித்தாள். வெயில் ஏறியிருந்தது. அத்தான் ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லவும், நாங்கள் எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தோம்.